கட்டணப் பக்கத்தில் சாட் பெட்டிக்கு என்ன வேலை?

இணையதளப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் பல நிறுவனங்களில் பாஸ்வேர்டு, ஃபயர்வால் என்று பேசி முடித்துவிடுவார்கள். பக்கத்தின் ஓரத்தில் "வணக்கம், என்ன உதவி வேண்டும்?" என்று எட்டிப் பார்க்கும் சாட் பெட்டியைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மார்க்கெட்டிங் பிரிவு எப்போதோ கேட்டிருக்கும். ஒரு வரி ஸ்கிரிப்ட்தானே (பிரவுசரில் ஓடும் சிறு நிரல்) என்று டெவலப்பரும் ஒட்டியிருப்பார். அதுவும் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான டெம்ப்ளேட்டில்.

முதல் தவறு அதுதான். 2018இல் நிகழ்ச்சி டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர் மாட்டியது இப்படித்தான். அதன் பிரிட்டன் தளத்தில் இன்பென்டா என்ற நிறுவனத்தின் சாட்பாட் இருந்தது. திருடர்கள் டிக்கெட்மாஸ்டரின் சர்வர் பக்கமே போகவில்லை. இன்பென்டாவிடம் இருந்த ஸ்கிரிப்ட் கோப்பில் தங்கள் வரிகளைச் சேர்த்துவிட்டார்கள். அந்த ஸ்கிரிப்ட் பணம் கட்டும் பக்கத்திலும் ஓடியதால், வாடிக்கையாளர் தட்டிய கார்டு எண், காலாவதி தேதி, சிவிவி எல்லாம் அப்படியே வெளியே போயின. பக்கத்தில் ஏற்றப்பட்ட எந்த ஸ்கிரிப்டையும் பிரவுசர் வீட்டு ஆளாகவே நடத்தும். வாடிக்கையாளர் கட்டங்களில் எழுதுவதைப் படிக்க அதற்குத் தனி அனுமதி தேவையில்லை. சில பிரவுசர்களில் முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டு, தகவல் போகும் வழியில் ஒட்டுக்கேட்கப்படாமல் காக்கும். பக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்து படிப்பவரை அது ஒன்றும் செய்யாது.

அந்த ஆண்டு ஏப்ரலிலேயே மான்சோ என்ற பிரிட்டன் வங்கி, மோசடிக்கு ஆளான கார்டுகளில் பெரும்பாலானவை டிக்கெட்மாஸ்டரில் பயன்படுத்தப்பட்டவை என்று கண்டுபிடித்துச் சொன்னது. எச்சரிக்கை வந்தபின் கட்டணப் பக்கத்திலிருந்து தகவல் எங்கே போகிறது என்று கவனிக்கவே டிக்கெட்மாஸ்டருக்கு 9 வாரம் ஆனது. எனக்கு ஹேக்கிங்கை விட இதுதான் பெரிய தவறாகப் படுகிறது. "தவறு சாட்பாட் நிறுவனத்துடையது" என்ற வாதம் எடுபடவில்லை. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020 நவம்பரில் 12.5 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது, டிக்கெட்மாஸ்டருக்கு. இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதே வழியில்தான் போகிறது: வேலையை வெளி ஆளிடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு உங்களுடையது. போதிய பாதுகாப்பு இல்லாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்.

சரி, உங்கள் தளம் எப்படி? கட்டணப் பக்கத்தையோ லாகின் பக்கத்தையோ திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதியைப் பார்த்தபடி பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். உங்களுடையது அல்லாத முகவரிகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் எதற்கு என்று உங்கள் குழுவில் யாராலும் சொல்ல முடியாவிட்டால், அது அங்கே இருக்கக் கூடாது. கார்டுத் துறையின் பிசிஐ டிஎஸ்எஸ் விதிகளும் 2025 மார்ச் 31 முதல், கட்டணப் பக்க ஸ்கிரிப்டுகளைப் பட்டியலிட்டுக் காரணம் எழுதி வைக்கச் சொல்கின்றன.

அடுத்தது, வெளியார் கோப்பு மாறினாலும் தெரியாத மாதிரி விட்டுவைப்பது. 2018 பிப்ரவரியில், பக்கத்தை வாசித்துக் காட்டும் பிரவுசலவுட் கருவியின் கோப்பில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் புகுந்தது. 4,000க்கும் மேற்பட்ட தளங்கள் ஒரே நாளில் பாதிக்கப்பட்டன. மேலே சொன்ன தகவல் ஆணையரின் தளமும் அதில் ஒன்று! நல்லவேளை, அன்று திருடப்பட்டது பார்வையாளர்களின் கம்ப்யூட்டர் சக்தி மட்டும்தான். கோப்பின் கைரேகை போன்ற குறியீட்டைப் பக்கத்தில் எழுதி வைக்கும் சப்ரிசோர்ஸ் இன்டெக்ரிட்டி என்ற வசதியைப் போட்டிருந்தால், கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் பிரவுசர் அதை ஓட்ட மறுத்திருக்கும். ஆனால் கருவி நிறுவனம் அடிக்கடி கோப்பை மாற்றினால், நல்ல மாற்றத்திலும் உங்கள் கருவி நின்றுபோகும். அதனால் பழைய கோப்பை மாற்றாமல், ஒவ்வொரு மாற்றத்தையும் புதிய பதிப்பு எண்ணோடு தனிக் கோப்பாகத் தரும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் தளம் பிரவுசருக்குச் சொல்லும் விதிப்பட்டியலான கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசியும் வேண்டும். பக்கத்திலிருந்து தகவல் எந்த முகவரிகளுக்குப் போகலாம் என்று அதில் கட்டுப்படுத்தலாம்.

தேவை முடிந்த கருவியைக் கழற்றாமல் விடுவதும் இதோடு சேர்ந்ததே. பழைய பிரவுசர்களுக்காகப் பலர் சேர்த்த பாலிஃபில்.ஐஓ முகவரி 2024இல் கைமாறியது. ஜூனில் அதன் ஸ்கிரிப்ட், போனில் வந்தவர்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிட்டது. சிக்கியவை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள். இத்தனைக்கும் இன்றைய பிரவுசர்களுக்கு அந்தக் கோப்பே தேவையில்லை.

அப்புறம், ஃபார்ம்கள். இங்கே ஹேக்கரே தேவையில்லை. 2021இல், மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ் கருவியால் நிறுவனங்கள் அமைத்த போர்ட்டல்களில் 3.8 கோடி பதிவுகள் யாரும் பார்க்கக்கூடியபடி கிடந்தன. பதிவுகள் சேரும் அட்டவணையை யார் பார்க்கலாம் என்ற அனுமதிக் கட்டுப்பாட்டை இயக்காமல் விட்டதுதான் காரணம். அது இயல்பாக அணைந்த நிலையில் வந்தது. மைக்ரோசாஃப்டின் சொந்தப் போர்ட்டல்கள் சிலவும் அதில் சேர்த்தி. கூகுள் ஃபார்மில் முடிவுச் சுருக்கத்தைக் காட்டும் தேர்வு ஒன்று உண்டு. பெயரைப் பார்த்தால் ஏதோ வரைபடம் காட்டும் என்று தோன்றும். அதை இயக்கினால் மற்றவர்கள் எழுதிய பதில்களும் முழுதாகத் தெரியும், போன் எண் கேட்டிருந்தால் போன் எண் உட்பட. ஃபார்மை வெளியிடும் முன் உங்கள் அலுவலகக் கணக்கிலிருந்து வெளியேறி, வெளி ஆள் போல ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். பதில்கள் சேரும் ஷீட்டின் இணைப்பையும் அதே ஜன்னலில் திறந்து பாருங்கள். திறந்தால் பகிர்வை உடனே மூடுங்கள்.