நெறி கட்டினால் மேல்மடையைப் பாருங்கள்

கோபிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 28 ஆண்டுகள் செவிலியராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும், வாசல் தெளிக்கும் நேரத்திலேயே யாராவது கழுத்தைத் தடவிக்கொண்டு வந்து நிற்பார்கள்: "அக்கா, நெறி கட்டியிருக்கிறது, என்ன பற்றுப் போடலாம்?"

பற்றை விடுங்கள். மடையில் குப்பை அடைத்தால், எங்கிருந்து அடித்து வந்தது என்று வாய்க்கால் மேலேறிப் போய்ப் பார்க்கிறோம் அல்லவா? நெறி என்பது நிணநீர் முடிச்சு; உடம்பில் நிணநீர் ஓடும் வழியில் அதுவும் ஒரு மடைதான். வருகிற கிருமியை அங்கே மறித்துப் போராடுவதால் வீங்குகிறது.

தொடை இடுக்கில் என்றால் செருப்பைக் கழற்றச் சொல்வேன். மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டியவரின் விரலிடுக்கில் சேற்றுப்புண் இருக்கும், அல்லது குதிகாலில் வேலமுள். பிறப்புறுப்பில் புண் இருந்தாலும் அங்கேதான் கட்டும், கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். தாடைக்குக் கீழே என்றால் சொத்தைப் பல், தொண்டைப் புண். பிள்ளைகளின் பின்கழுத்தில் என்றால் பேனும் தலைப்புண்ணும். அக்குளில் என்றால் கைக்காயம். பெண்கள் மார்பகத்தையும் காட்டிவிட வேண்டும்.

காய்ச்சலும் நெறியும் சேர்ந்து வந்தால் உடம்பு முழுக்கத் தேடுங்கள். அக்குள், இடுப்பு, மார்பின் அடிப்பகுதி போன்ற மறைவிடத்தில் பீடியால் சுட்டது போல வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது விரலால் தொட்டுப் பார்ப்பது. கொண்டைக்கடலை அளவுக்குள் இருந்து, வலித்து, வழுக்கி நகர்ந்தால் பெரும்பாலும் சாதாரணத் தொற்று. புண் ஆறினால் அதுவும் வற்றும். கல்லைப் போல இறுகி நகராமல் இருப்பதும், ரப்பர் பந்து போல வளர்வதும் வேறு கதை. காறை எலும்புக்கு மேலே சின்னதாகத் தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. வயிற்றிலோ நுரையீரலிலோ உள்ள புற்றுநோய் அங்கே வந்து தெரிவதுண்டு. மற்ற இடங்களில் மூன்று, நான்கு வாரம் தாண்டியும் வற்றாவிட்டாலோ, எடை குறைந்து இரவில் வியர்த்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இவ்வளவு சொல்கிற நானே சறுக்கியிருக்கிறேன். சென்னிமலையில் தறி ஓட்டும் என் கொழுந்தனாருக்குக் கழுத்தில் வலியில்லாத நெறி. சொத்தைப் பல் இருந்ததால் அதுதான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். பல்லைப் பிடுங்கியும் வற்றவில்லை. மருந்துக்கடை மாத்திரையில் இரண்டு மாதம் ஓடியது. அதற்குள் மூன்று நெறிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. என் மாமியார் தொட்டுப் பார்த்து, "இது கண்டமாலை" என்றார். கழுத்து நெறியில் வரும் காசநோய்க்குப் பழைய பெயர் அது. காசநோய் மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற பெருந்துறை சானடோரியம் காலத்து மனுஷி அவர்.

ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். முடிவைச் சொன்னது ஊசிப் பரிசோதனைதான். மெல்லிய ஊசியால் நெறியிலிருந்து துளி உறிஞ்சிக் கண்ணாடித் தகட்டில் பார்ப்பார்கள். அதே மாதிரியில் காசநோய்க் கிருமிக்கான மரபணுச் சோதனையும் செய்யலாம். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். புற்றுநோய்ச் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு நெறியை முழுதாக எடுத்துச் சதைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அதற்கு முன்பு யாரோ கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டால், வீக்கம் தற்காலிகமாக வற்றி நிணநீர்ப் புற்றுநோயையே மறைத்துவிடக்கூடும்.

கொழுந்தனாருக்குக் காசநோய்தான். அரசு மருத்துவமனையில் ஆறு மாத மாத்திரை, இலவசம். இரண்டாம் மாதத்தில் நெறி இன்னும் பெருத்தது. மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். மருந்து வேலை செய்யும்போதே சிலருக்கு இப்படி வீங்கும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் தொடர்ந்தார்.

இன்னொன்று: நாளுக்குப் பத்துத் தடவை அமுக்கிப் பார்த்தால் சும்மா இருக்கும் நெறியும் வலிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை தொட்டு, அளவை நாள்காட்டித் தாளில் குறித்து வைத்தால் போதும்.