கூரியர் பெட்டியில் ஒரு வால்-ஈ: வீட்டிலேயே செய்யும் முறை

பிடித்த சினிமா பாத்திரத்தை வீட்டில் கையால் செய்து பார்க்க ஆசை என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது வால்-ஈ. 2008-இல் வந்த பிக்ஸார் படம், ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கியது. மனிதர்கள் விட்டுப்போன பூமியில் தனியாக நின்று குப்பையை வயிற்றுக்குள் போட்டு நசுக்கி, கட்டி கட்டியாக அடுக்கிக்கொண்டே இருக்கும் துருப்பிடித்த ரோபோ அது. உடம்பு ஒரு பெட்டி, காலுக்குப் பதில் பட்டைச் சக்கரம், தலை என்று பார்த்தால் இரண்டு கண்கள்தான். செய்ய எளிது, அதோடு குப்பையில் கிடப்பதை எடுத்துப் பத்திரப்படுத்துகிற பாத்திரத்தைக் குப்பைக்குப் போக இருந்த அட்டையிலேயே செய்கிறோம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஒரு பாத்திரத்தைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிய வைப்பது ஒன்றோ இரண்டோ அம்சங்கள்தான். உழைப்பில் பாதியை அங்கே போடுங்கள், மற்றது சுமாராக இருந்தாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை. வால்-ஈக்கு அது கண். பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் கையில் இருந்த பைனாகுலரைத் திருப்பி வைத்து, இப்படிச் சாய்த்தால் சோகம், அப்படிச் சாய்த்தால் சந்தோஷம் என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த முகம் கிடைத்தது என்று ஸ்டான்டனே சொல்லியிருக்கிறார். வாயும் இல்லை, மூக்கும் இல்லை, கண் சாய்வதை வைத்தே முழுப் படமும் ஓடுகிறது. அதனால் கண்ணை முதலில் செய்யுங்கள், அது சரியாக வந்த பிறகு உடம்புக்குப் போகலாம்.

தேவையானவை: கூரியரில் வரும் நெளி அட்டைப்பெட்டி, சோப்பு அல்லது பற்பசை டப்பாவின் மெல்லிய அட்டை, பழைய செய்தித்தாள், ஐஸ் குச்சி, தெளிவான தண்ணீர் பாட்டில் ஒன்று, சின்ன போல்ட் நட்டு இரண்டு, ஃபெவிகால், துணி காயப்போடும் கிளிப், அக்ரிலிக் பெயின்ட். அட்டை வெட்டும் கத்தி பெரியவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

கண்ணுக்கு நெளி அட்டையில் ஒரே மாதிரி நான்கு துண்டுகள் வேண்டும், கண் ஒன்றுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு. 6 செ.மீ. அகலம், 4.5 செ.மீ. உயரம். வடிவம்தான் இங்கே எல்லாமே: மூக்குப் பக்கம் அகன்று உருண்டையாகவும், காதுப் பக்கம் குறுகிக் கொஞ்சம் கீழே சரிந்தும் இருக்க வேண்டும். இந்தச் சரிவு இல்லாவிட்டால் அது ஏதோ ஒரு ரோபோவாக நின்றுவிடும். இரண்டு துண்டுகளுக்கும் நடுவே சோப்பு டப்பா அட்டையை 4 செ.மீ. அகலப் பட்டையாக வெட்டிச் சுற்றி ஒட்டினால் குழாய் போல ஆகிவிடும். முன்பக்கத்தில் 3 செ.மீ. விட்டமுள்ள கறுப்பு வட்டம், அதற்குள் மெல்லிய சாம்பல் நிற வளையம், மேல் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. இரண்டு கண்ணிலும் புள்ளி ஒரே பக்கம் இருக்கட்டும். ஆளுக்கொரு பக்கம் போனால் பார்வையே சிதறிவிடும். வட்டத்தின் மேல் பாட்டிலில் இருந்து வெட்டிய பிளாஸ்டிக் துண்டை ஒட்டினால் உண்மையான லென்ஸ் மாதிரி வெளிச்சம் அடிக்கும், ஆனால் அதை பெயின்ட் வேலையெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒட்டுங்கள்.

கண்களை நேராகக் கழுத்தில் ஒட்டிவிடாதீர்கள். 5 செ.மீ. நீள அட்டைத் துண்டு ஒன்றைக் குறுக்குச் சட்டமாக வைத்து, ஒவ்வொரு கண்ணின் பின்துண்டிலும் துளையிட்டு போல்ட்டால் அந்தச் சட்டத்தில் இணையுங்கள், கண் குழாயை மூடும் முன்பே போல்ட்டைச் செருகிவிட வேண்டும். நட்டை அரைகுறையாக முடுக்கினால் கண்கள் திரும்பும். காலையில் சோகமாகவும் மாலையில் ஆச்சரியமாகவும் வைக்கலாம், பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய விளையாட்டு.

அடுத்து பட்டைச் சக்கரம், இதில் ஒரு நல்ல வித்தை இருக்கிறது. நெளி அட்டையின் ஒரு பக்கத்தில் ஈர ஸ்பாஞ்சை லேசாக ஒற்றி, ஓரிரு நிமிடம் விட்டு மேல்தாளை உரித்தால் உள்ளே இருக்கும் அலை அலையான நெளி வெளியே தெரியும், அப்படியே டிராக்டர் பட்டை. வெட்டும்போது நெளிக்கோடுகள் பட்டையின் அகலவாக்கில் குறுக்கே ஓட வேண்டும், நீளவாக்கில் ஓடினால் வளையவும் வளையாது, பார்க்கவும் சரியாக இருக்காது. 4 செ.மீ. அகலம், 28 செ.மீ. நீளத்தில் இரண்டு பட்டைகள் வெட்டி நன்றாகக் காயவிடுங்கள். அடிப்பக்கம் 10, மற்ற இரு பக்கங்கள் 8 செ.மீ. வருமாறு நான்கு முக்கோணங்கள் வெட்டி, முனைகளை உருட்டிவிடுங்கள். இரண்டிரண்டாக எடுத்து இடையில் அட்டைக் கட்டைகளை வைத்து ஒட்டி, அதன் மேல் பட்டையைச் சுற்றி கிளிப் போட்டு ராத்திரி முழுக்க விட்டால் பிடித்துக்கொள்ளும். மிச்சம் இருக்கும் நுனியை அப்புறம் கத்தரித்துக்கொள்ளலாம்.

உடம்பு 12 செ.மீ. சதுரப் பெட்டி. மை தீர்ந்த பேனாவால் மடிப்புக்கோட்டை அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் அட்டை ஓரம் கிழியாது. முன்பக்கத்தைக் கீழே மட்டும் துணிப்பட்டையால் ஒட்டிக் கதவாக விட்டால் வயிறு திறக்கும், உள்ளே பழைய பட்டன், சாவி, பாட்டில் மூடி என்று பிள்ளைகள் தாங்களே சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டிய குழாய் கழுத்து. அது உடம்புக்குள் 4 செ.மீ. ஆவது இறங்கி இருக்கட்டும். கண்கள் முன்னால் இழுக்கும், அதனால் பெட்டியின் உள்ளே பின்பக்க அடியில் கூழாங்கற்களைத் துணியில் முடிந்து ஒட்டிவிடுங்கள், குப்புற விழாது. கைக்கு ஐஸ் குச்சிகள் போதும், நுனியில் கரண்டி மாதிரி தட்டையான அட்டை.

மூலைகள் உறுதியாக இருக்க செய்தித்தாள் துண்டுகளை மைதாப் பசையில் நனைத்து ஒட்டலாம். புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் பூச்சி வராமலிருக்க அந்தப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கும் வேலையில் வேண்டவே வேண்டாம்.

பெயின்டில் அவசரப்படாதீர்கள். பழுப்பு அட்டை மேல் நேரடியாக மஞ்சள் அடித்தால் மங்கிச் சாணி நிறத்துக்குப் போகும், அதனால் முதலில் வெள்ளை, அது காய்ந்ததும் மெல்லியதாக இரண்டு கோட் மஞ்சள். கண், கழுத்து, பட்டை எல்லாம் அடர்சாம்பல். அப்புறம் துரு. பழுப்பையும் ஆரஞ்சையும் முழுசாகக் கலக்காமல் எடுத்து, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் துண்டால் ஓரங்களிலும் மூலைகளிலும் ஒற்றுங்கள். நிஜத்தில் வண்ணம் உரசி உதிரும் இடம் எதுவோ அங்கேதான் துரு வரும், நடுவில் அப்பினால் அழுக்காகத்தான் தெரியும். சொரசொரப்பு வேண்டுமானால் டீ போட்டு வடித்த தூளை வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, ஃபெவிகால் தடவிய இடத்தில் தூவி, காய்ந்ததும் அதன் மேல் அதே நிறத்தை ஒற்றுங்கள். அசல் துரு தோற்றுப்போகும். தூளில் ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படத்தில் வால்-ஈ தான் கண்டெடுக்கும் செடியை ஒரு பழைய பூட்ஸில்தான் எடுத்து வைக்கும். களிமண்ணில் கட்டைவிரல் உயர பூட்ஸ் செய்து காயவைத்து, உள்ளே ஒரு பாட்டில் மூடியைச் செருகி, அதில் ஈரப் பஞ்சு வைத்து ஊறவைத்த வெந்தயம் நாலைந்து போடுங்கள். சில நாளில் நிஜமாகவே முளைத்து நிற்கும். வாடியதும் பஞ்சை மாற்றிப் புதிதாக நாலு வெந்தயம் போட்டுக்கொள்ளலாம், தண்ணீர் மட்டும் அட்டை மேல் சிந்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.