ரோமானிய வரலாற்றுப் பாடத்தை எப்படிப் படிப்பது: தில்லி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தில்லிக் கல்லூரிகளில் வரலாறு ஆனர்ஸ் சேர்ந்து முதலாண்டிலேயே ரோமைச் சந்திக்கும் தமிழ் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். வாசிக்க வேண்டிய கட்டுரைகளைப் படேல் செஸ்ட் பக்கத்துக் கடையில் நகலெடுத்து, சுருள்கம்பி கோத்து வாங்கும்போதே கை கனக்கும். அந்தக் கனத்துக்கு அஞ்சி, பேரரசர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் பட்டியலாக்கி மனப்பாடம் செய்யத் தொடங்குவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ரோமானிய அரசியல்வாதி டைபீரியஸ் கிராக்கஸின் நிலச் சட்டம் ஏன் கொலையில் முடிந்தது என்பதே முதல் டியூட்டோரியலில் கேட்கப்பட்ட கேள்வி. நான் கி.மு. 753இல் ரோம் நிறுவப்பட்டதாகச் சொல்லப்படும் கதையில் தொடங்கி, நான்காம் பக்கத்தில்தான் கிராக்கஸை எட்டினேன். ஆசிரியர் முதல் மூன்று பக்கங்களின் குறுக்கே பென்சிலால் கோடிழுத்து, நான்காம் பக்கத்தின் ஓரத்தில் "கட்டுரை இங்கேதான் தொடங்குகிறது" என்று எழுதித் திருப்பித் தந்தார்.

அதன் பிறகு எனக்குக் கைகொடுத்தது ஒரு எளிய பழக்கம். பாடத்தில் வரும் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் நேராக, வீட்டில் பேசும் தமிழில் அதற்கு இணையாகத் தோன்றும் சொல்லை எழுதுங்கள். அதற்குக் கீழே, அந்த இணை எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறது என்பதையும் எழுதுங்கள். இரண்டாவது குறிப்பே முக்கியமானது. அதை எழுத முடியவில்லை என்றால், அந்தச் சொல் உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கிராக்கஸின் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கி.மு. 133இல் டிரிப்யூனாக, அதாவது சாமானியக் குடிமக்களின் நலன் காக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட, பிறர் முடிவுக்குத் தடை போடவல்ல பதவியாளராக இருந்த அவர், ஒருவர் 500 யூகேராவுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 310 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் பொதுநிலத்தை மீட்டு, நிலமற்ற குடிமக்களுக்குப் பிரித்துக் கொடுக்க முனைந்தார். இதைப் படித்ததும் நமக்கு நில உச்சவரம்புச் சட்டம் நினைவுக்கு வரும். அது தவறான இணை, ஏனெனில் கிராக்கஸ் யாருடைய பட்டா நிலத்திலும் கை வைக்கவில்லை. போரில் தோற்ற இத்தாலிய ஊர்களிடமிருந்து ரோம் பறித்துப் பொதுவில் வைத்திருந்த நிலத்தைத்தான் கேட்டார். ஆகவே புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்பது இன்னும் நெருக்கமான சொல். ஆனால் அதுவும் ஓரிடத்தில் முறிகிறது. தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தை அனுபவித்தவர்கள், அங்கே மரம் வைத்திருக்கிறோம், வீடு கட்டியிருக்கிறோம், பக்கத்து நிலக்காரருக்கு விலை கொடுத்திருக்கிறோம், எங்கள் முன்னோரின் கல்லறைகள் அதில்தான் இருக்கின்றன என்றெல்லாம் முறையிட்டதாகப் பிற்கால வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதுகிறார். அரசு நெடுங்காலம் கண்டுகொள்ளாமல் விட்ட அனுபவம், வைத்திருந்தவர்களின் மனத்தில் சொத்தாகவே ஆகிவிட்டிருந்தது. இந்த முரணைப் பிடித்துவிட்டால், சக டிரிப்யூன் ஆக்டேவியஸ் தடை போட்டதும், கிராக்கஸ் அவரை மக்கள் வாக்கெடுப்பால் பதவியிலிருந்து இறக்கியதும், அதே ஆண்டில் செனட்டர்கள் ஆட்களோடு திரண்டு வந்து கிராக்கஸை அடித்துக் கொன்றதும் ஒன்றிலிருந்து ஒன்றாக விளங்கத் தொடங்கும்.

"குடியரசு" என்ற சொல்லும் இப்படித்தான் ஏமாற்றும். ஆண்டுதோறும் மாறும் தலைமை அதிகாரிகளான கன்சல்களைத் தேர்ந்தெடுத்த பேரவையில் ஆளுக்கொரு வாக்கு இருந்தது உண்மைதான். ஆனால் முடிவு தலைகளை எண்ணி எடுக்கப்படவில்லை, பிரிவுகளை எண்ணி எடுக்கப்பட்டது. பழைய நூல்கள் விவரிக்கும் தொடக்ககால அமைப்பில் மொத்தம் 193 பிரிவுகள்; அவற்றுள் குதிரைப்படையினருக்கு 18, சொத்து மிகுந்த முதல் வகுப்பாருக்கு 80. இந்த 98 பிரிவுகளும் ஒத்துப்போனால் பெரும்பான்மை அங்கேயே கிடைத்துவிடும், ஏழைகள் வாக்களிக்கும் முறையே வராது. சொத்தில்லாத அத்தனை பேரும் ஒரே பிரிவில் அடைக்கப்பட்டிருந்தார்கள். இந்தக் கணக்கை ஒரு முறை தாளில் போட்டுப் பார்த்தவருக்கு, ரோம் மக்களாட்சியா என்ற தேர்வுக் கேள்வி பெரிய தொல்லையாக இருக்காது.

மூலங்களை வாசிக்கும்போது, சொல்பவர் யார், நிகழ்ந்ததற்கு எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு சொல்கிறார், சொல்வதால் அவருக்கு என்ன ஆகவேண்டியிருக்கிறது என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பேரரசர் அகஸ்டஸ் தம் சாதனைகளைத் தாமே எழுதிவைத்தார்; ரோமில் நிறுத்தப்பட்ட வெண்கலப் பலகைகள் மறைந்துவிட்டன, துருக்கியின் அங்காராவிலுள்ள கோயில் சுவர்களில் வெட்டப்பட்ட இலத்தீன் மூலமும் கிரேக்க மொழிபெயர்ப்பும் எஞ்சியுள்ளன. அதில் அவர், ஆட்சியைச் செனட்டிடமும் மக்களிடமும் ஒப்படைத்துவிட்டதாகவும், அதன்பின் செல்வாக்கில் அனைவரையும் விஞ்சினாலும் அதிகாரத்தில் சக பதவியாளர்களைவிடத் தமக்கு மிகுதி எதுவும் இல்லை என்றும் சொல்கிறார். ஏறத்தாழ நூறாண்டு கழித்து எழுதிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸோ, செனட்டின் வேலையையும் அதிகாரிகளின் வேலையையும் சட்டத்தின் வேலையையும் அவர் மெல்ல மெல்லத் தம் கைக்குள் கொண்டுவந்ததாகச் சொல்கிறார். இருவரில் யார் பொய் சொல்கிறார் என்று தேடுவது வீண். பட்டம் எதுவும் மாறாமல் ஆட்சி மாறியது எப்படி என்று கேட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால், ஒரே மாலையில் நல்ல கட்டுரைக்கான கரு கிடைத்துவிடும்.

பெயர்கள் முதல் மாதம் குழப்பும், பிறகு பழகிவிடும். நம் இனிஷியலைப் போலவே முதற்பெயர் ஓரிரு எழுத்துகளில் சுருங்கி வரும். நடுவில் வருவது குலப்பெயர். சிப்பியோ போன்ற ஒரே பெயரில் பலர் இருப்பதால், எவரைச் சொல்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு முறையும் தெளிவாக எழுதுங்கள். கி.மு.விலிருந்து கி.பி.க்குத் தாண்டும்போது சுழியாம் ஆண்டு கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது: கி.மு. 63 செப்டம்பரில் பிறந்து கி.பி. 14 ஆகஸ்டில் இறந்த அகஸ்டஸின் வயது 77 அன்று, 75தான்; சுழியாம் ஆண்டு இல்லாததால் ஒன்றும், பிறந்தநாள் வருமுன் இறந்ததால் இன்னொன்றும் குறைகின்றன.

நேரத்தைப் பொறுத்தவரை, நான் மயூர் விஹாரிலிருந்து ராஜீவ் சௌக்கில் வண்டி மாறி விஸ்வவித்யாலயா வரை போய்வந்த நேரத்தை மட்டுமே நம்பியிருந்தேன். போகும்போது மூல நூலிலிருந்து நான்கைந்து பக்கங்கள், அவ்வளவே. ராஜீவ் சௌக் நெரிசலில் புத்தகத்தைத் திறக்கவே முடியாது. ஆய்வாளர்களின் கட்டுரைகளை மேசையில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். முதலில் அறிமுகத்தையும் முடிவையும் படித்து, ஆசிரியரின் வாதத்தை இரண்டு வரியில் எழுதியபின் நடுப்பகுதிக்குப் போனால் பாதி நேரம் மிச்சமாகும்.

பருவ இறுதிக் கட்டுரைக்குத் தலைப்பை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்றால், ரோமுக்கும் பழைய சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்கும் இடையிலான வணிகத்தை எடுங்கள். தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு கூடுதல் சாட்சி உண்டு. இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை உறிஞ்சுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறைபட்டுக்கொள்கிறார்; அவர் ஆடம்பரத்தைக் கண்டிப்பவர் என்பதால் அந்த எண்ணை அப்படியே விழுங்கக் கூடாது. வியன்னாவில் உள்ள கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் (நாணல் தாள்) ஆவணம் ஒன்று, முசிறி வணிகத்துக்கான கடன் ஒப்பந்தத்தையும், ஹெர்மப்போலன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பையும், நாலில் ஒரு பங்கு சுங்கத்தையும் பேசுகிறது. அகநானூற்றின் 149ஆம் பாடலோ, யவனர் (கிரேக்க, ரோமானியர்) கலம் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" முசிறியைக் காட்டுகிறது. ஆனால் அங்கே பேசுபவன் வணிகன் அல்லன். காதலியைப் பிரிந்து பொருள் தேடப் போக மனமில்லாமல் தன் நெஞ்சோடு வாதிடும் தலைவன். புலம்பல், ஒப்பந்தம், காதல் என மூன்று நோக்கங்களில் பிறந்த சாட்சிகள் எங்கே ஒத்துப்போகின்றன என்று காட்டுவதுதான் உங்கள் வேலை. திருத்தும் ஆசிரியருக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே பாடல் எண், மூல வரி, உங்கள் மொழிபெயர்ப்பு மூன்றையும் தந்து, கறி என்பது மிளகு என்று அடிக்குறிப்பிலும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் முசிறியிலிருந்து ரோமுக்குக் குழம்பு ஏற்றுமதியானதாக நினைத்துக்கொள்வார்.