நெடுஞ்சாலைக்கு முன் தொல்லியல் கள ஆய்வு: செய்முறை

திட்ட வரைபடத்தில் சாலையின் நடுக்கோடு மட்டும்தான் பளிச்சென்று தெரியும். ஆய்வு எல்லையை அதை வைத்து வரையாதீர்கள். மண் எடுக்கும் குழிகள், தற்காலிக லாரிப் பாதைகள், வடிகால், தொழிலாளர் முகாம் என மண் கிளறப்படும் இடமெல்லாம் எல்லைக்குள் வர வேண்டும். யாரும் பார்க்காமல் தொல்லிடம் அழிவது இந்த ஓரங்களில்தான்.

பழைய நில அளவை வரைபடங்கள், வான்வழிப் படங்கள், லைடார் (வானிலிருந்து லேசர் கதிரால் தரையின் மேடுபள்ளத்தை அளப்பது) பதிவுகள் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஆற்று வண்டல் படிந்த பகுதிகளைத் தனியே குறியுங்கள். அங்கே பழைய தரைமட்டம் இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் கிடக்கலாம். மேலே எவ்வளவு நடந்தாலும் ஒரு பானை ஓடுகூடக் கிடைக்காது.

களநடைக்கு, அதாவது வயலில் நடந்து மேற்பரப்பில் தடயம் தேடுவதற்கு, ஏற்ற நேரம், உழுத வயலில் ஒரு மழை பெய்து மண் கழுவப்பட்ட பிறகு. 10 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடந்தால், ஒருவர் கண்ணுக்கு நன்றாக எட்டுவது சுமார் 2 மீட்டர் அகலம். அதாவது நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் பார்க்கப்படுகிறது. தரை எத்தனை சதவீதம் தெரிந்தது என்பதையும் எழுதுங்கள். புல் மூடிய வயலுக்கு 'எதுவும் இல்லை' என்று எழுதுவது தவறான பதிவு; அங்கே 15 மீட்டருக்கு ஒரு சிறு குழி தோண்டி, 6 மி.மீ. சல்லடையில் மண்ணைச் சலியுங்கள்.

மண்ணின் காந்தப்புல மாறுபாட்டை அளக்கும் காந்தமானி, சூளை, அடுப்பு, தூர்ந்த அகழி ஆகியவற்றை நன்றாகக் காட்டும். எலும்பு மட்டுமே உள்ள புதைகுழியைப் பெரும்பாலும் தவறவிடும். இரும்பு வேலிக்கு அருகில் அதன் அளவீட்டை நம்ப வேண்டாம்.

உண்மையில் முடிவைத் தருவது சோதனைக் குழிதான். 30 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். ஹெக்டேருக்கு எட்டுக் குழி போட்டால் ஏறக்குறைய 5 சதவீதம் திறக்கும். திசையை மாற்றி மாற்றிப் போடுங்கள்; எல்லாம் ஒரே திசையில் இருந்தால், அவற்றுக்கு இணையாக ஓடும் பழைய அகழி இடையில் தப்பிவிடும். காந்தமானி வெறுமையாகக் காட்டிய இடத்திலும் சில குழிகள் கட்டாயம். மண் அள்ளும் இயந்திரத்துக்குப் பல் இல்லாத பக்கெட் மாட்டி, ஒரு முறைக்கு 10 செ.மீ. மட்டும் சீவச் சொல்லுங்கள். ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒருவர் நின்று மண்ணையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நிறம் மாறிய உடனே நிறுத்துங்கள். சீவிய பரப்பின்மேல் இயந்திரம் ஏறவே கூடாது.

ஈரம் காய்ந்தால் நிற வேறுபாடு மறைந்துவிடும். நீர் தெளித்துக் கொத்துக் கரண்டியால் சுரண்டுங்கள். கருத்த சிறு வட்டம் தெரிந்தால் பாதியை மட்டும் வெட்டிப் பாருங்கள். ஓரம் செங்குத்தாகவும் அடி தட்டையாகவும் இருந்தால் கம்பம் நட்ட குழியாக இருக்க வாய்ப்பு அதிகம். வளைந்து கிளைத்துக் கீழே மெலிந்தால் மரவேர்.

மஞ்சள் மண்ணைக் கண்டதும் மனிதர் கை படாத கன்னிமண் என்று நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. அது வெள்ளம் கொண்டுவந்த படிவாகவும் இருக்கலாம். குழியின் ஒரு முனையில் இன்னும் ஆழமாக இயந்திரத்தால் வெட்டிச் சரிபாருங்கள். பக்கங்களைப் படியாக வெட்டாமல் அந்த ஆழக் குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது.

மூடும்போது, விட்டுவைக்கும் தடயங்கள்மேல் ஜியோடெக்ஸ்டைல் என்ற நீர் புகும் செயற்கைத் துணி விரித்து, அடிமண்ணை முதலிலும் மேல்மண்ணைக் கடைசியிலும் போடுங்கள்.