நீரில் இறங்கிய வண்டிக்கு டிஃபரன்ஷியல் எண்ணெய்ச் சோதனை
குறுவைக்காக மேட்டூர் அணை திறந்து, வாய்க்கால் தாம்போதிகளில் நீர் ஏறும் நாட்களில், நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய நான்கு சக்கர இயக்க வண்டியை உடனே நீரில் இறக்கினால், டிஃபரன்ஷியல் பெட்டி (இடவலச் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தளிக்கும் பல்சக்கரப் பெட்டி) சட்டெனக் குளிர்ந்து, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காற்று போய்வரும் மூச்சுத்துளை வழியாகவும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீல் தேய்ந்திருந்தால் அதன் வழியாகவும் தண்ணீரை உள்ளிழுத்துவிடும். ஆகவே இறங்குமுன் வண்டியைச் சற்று ஆறவிடுங்கள். மறுநாள் காலையில் முன், பின் பெட்டிகளின் எண்ணெய் வடிக்கும் அடித்திருகைச் சிறிதே தளர்த்திப் பார்க்கையில், முதலில் தண்ணீர் சொட்டினாலோ, எண்ணெய் பால் கலந்த தேநீர் போல வெளுத்திருந்தாலோ, தாமதிக்காமல் முழுவதும் வடித்து மாற்றிவிட வேண்டும். மூச்சுத்துளையில் ரப்பர் குழாய் பொருத்தி இன்ஜின் அறை உயரத்துக்கு ஏற்றுவது, எடுப்பான பம்பரைவிட முதலில் செய்ய வேண்டிய செலவு என்பது என் கருத்து. வேதாரண்யம் உப்பளப் பக்கம் சென்றவர்கள் அன்றே அடிப்பாகத்தை நன்னீரால் கழுவிவிடுங்கள்.