டர்போ நட்டு திரும்பத் திரும்பக் கழன்றால்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்கு அடியில் 'டிக் டிக்' என்று சத்தம் வரும், எஞ்சின் சூடானதும் அடங்கிவிடும். டாப்பெட் (வால்வு) சத்தம் என்று விட்டுவிடாமல், எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியே எடுக்கும் மேனிஃபோல்டும், அந்தப் புகையால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போவும் சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் பூட்டும் தட்டையான விளிம்பான ஃபிளாஞ்ச் ஓரத்தில் விசிறி மாதிரி கரி படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது. பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் ஏசி போட்டு நிற்கும்போது அந்தப் புகை காருக்குள் வரலாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தள்ளிப்போட வேண்டாம்.

பல பட்டறைகளில் நட்டை இன்னொரு சுற்று இறுக்கி அனுப்பிவிடுவார்கள். இரண்டு மாதத்தில் அதே சத்தம் திரும்பும். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் புரியும். எம்8 ஸ்டட்டை (8 மில்லிமீட்டர் தடிமனுள்ள, தலையில்லாத போல்ட்) நட்டு போட்டு 25 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால் அது ரப்பர் போல லேசாக நீள்கிறது. ஃபிளாஞ்சை அழுத்திப் பிடிப்பது அந்த இழுவைதான். நட்டுக்கு அடியில் இழுபடும் ஸ்டட்டின் பகுதிதான் பிடிநீளம். 15 மில்லிமீட்டர் பிடிநீளத்துக்கு அந்த நீட்சி வெறும் 0.03 மில்லிமீட்டர், தலைமுடியில் பாதி. நடுவில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் அந்த அளவு அமுங்கினாலே பிடி போய்விடும், நட்டு ஒரு இம்மி சுழல வேண்டியதில்லை. அதன்பிறகுதான் அதிர்வு நட்டைச் சுழற்றிக் கழற்றுகிறது.

வெப்பம் இதை இன்னும் மோசமாக்கும். பெட்ரோல் டர்போவுக்குள் நுழையும் புகை 900 டிகிரியைத் தாண்டும். சில்க் போர்டில் ஊர்ந்து, எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் மிதித்து, பார்க்கிங்கில் உடனே அணைப்பது என்று தினமும் நடந்தால் ஸ்டட் சூடாகி ஆறிச் சூடாகித் தளர்ந்துபோகும்.

அதனால் பூட்டுவதற்கு வழக்கமாகப் போடும் பொருள்கள் இங்கே உதவாது. உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு 120 டிகிரிக்கு மேல் தாங்காது. மரையில் விடும் நீல நிற லாக்டைட் பசை 180 வரைதான். ஸ்பிரிங் வாஷர் சூட்டில் தன் வளைவையே இழந்து தட்டையாகும். பளபளப்பாக இருக்கிறதே என்று கடையில் சாதா ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கிப் போடுவது இன்னும் தப்பு. வார்ப்பிரும்பைவிட அது அதிகம் விரியும். 500 டிகிரி ஏறினால் அந்த 15 மில்லிமீட்டரில் வித்தியாசம் ஏறக்குறைய 0.04. முழுப் பிடியும் போச்சு. மரையும் கடித்துக்கொள்ளும்.

பெங்களூரில் கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் வாங்கும்போது வண்டியின் பார்ட் நம்பரைச் சொல்லி ஒரிஜினல் ஸ்டட், நட்டு, மெட்டல் கேஸ்கெட் மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். நட்டு பெரும்பாலும் செம்பு பூசி, மரையைக் கொஞ்சம் நசுக்கிச் செய்த பூட்டு நட்டாக இருக்கும். அதை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். இடம் இருந்தால் நீளமான ஸ்டட்டும் நட்டுக்கு அடியில் ஸ்டீல் புஷ்ஷும் (குழல் துண்டு) போடுவது மிக நல்ல தீர்வு. பிடிநீளம் 40 மில்லிமீட்டரானால் நீட்சி 0.08, அதாவது கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கினாலும் இழுவை மிஞ்சும்.

கழற்றும் வேலையை எஞ்சின் ஆறிய பிறகே தொடங்குங்கள். முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். நட்டை ஒரேயடியாகத் திருப்பாமல் கால் சுற்று பின்னால், கொஞ்சம் முன்னால் என்று ஆட்டி எடுக்க வேண்டும். மேனிஃபோல்ட் பூட்டியிருக்கும் எஞ்சின் மேல்பகுதியான அலுமினியம் ஹெட்டில் ஸ்டட் உடைந்தால் செலவு பல மடங்காகும். பிறகு ஃபிளாஞ்ச் முகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நேர்ப்பட்டை வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்துப் பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் தகடு உள்ளே போனால் லேத்துக்கு அனுப்பிச் சமப்படுத்தியே ஆக வேண்டும். வளைந்த முகத்தில் எந்த நட்டும் நிற்காது.

மேனிஃபோல்ட் துளைகள் ஸ்டட்டைவிடப் பெரிதாக இருப்பதைத் தவறு என்று நினைக்காதீர்கள். சூட்டில் மேனிஃபோல்ட் ஹெட்டைவிடச் சுமார் 2 மில்லிமீட்டர் அதிகம் நீளும், அது நகர இடம் வேண்டும்.

ஸ்டட்டைக் கையால் அடிவரை திருகி லேசாக இறுக்கினால் போதும். நட்டுகளை மேனிஃபோல்டில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகவும், டர்போ ஃபிளாஞ்சில் குறுக்குக் குறுக்காகவும், பாதி அளவு, முழு அளவு என இரண்டு கட்டமாக டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். எம்8-க்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வழக்கம் என்றாலும் மேனுவல் சொல்வதே கணக்கு. மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க நிக்கல் ஆன்டிசீஸ் பசை தடவினால், உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவில் கால்பங்கு குறைக்க வேண்டும்.

இதெல்லாம் செய்தும் கழன்றால் பைப்பைப் பாருங்கள். சைலன்ஸர் தொங்கும் ரப்பர் அறுந்தாலோ, வலைப்பின்னல் ஃபிளெக்ஸ் பைப் இறுகிப்போனாலோ, எஞ்சின் மவுண்ட் உட்கார்ந்துவிட்டாலோ ஒவ்வொரு குழியிலும் பைப்பின் எடை அந்த ஸ்டட்டுகளை நெம்பும். பைப்பைக் கையால் அசைத்து, எந்த ஜாயின்ட்டும் இழுபடாமல் தானாகவே நேராக உட்காருகிறதா என்று பார்த்த பிறகே கடைசி நட்டை இறுக்குங்கள்.

500 கிலோமீட்டர் ஓடிய பிறகு, எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில், அதே டார்க்கில் ஒரு முறை சரிபாருங்கள். மீண்டும் இறுக்கக் கூடாது என்று மேனுவல் சொன்னால் விட்டுவிடுங்கள். நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் குறுக்கே பெயின்ட் கோடு போட்டிருந்தால் நட்டு சுழன்றதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.