வகுப்பில் வசூலித்து ஊர் டிரஸ்ட்டுக்கு அனுப்பாதீங்க: சமூகத் தொழில்முனைவு படிக்க வரும் கொங்குப் பிள்ளைகளுக்கு

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பக்கமிருந்து சமூகத் தொழில்முனைவு, அதாவது சமூகச் சிக்கலைத் தீர்க்கும் நிறுவனங்களை நடத்தும் கலை, படிக்க வெளிநாட்டுக்கு வருகிறவர்களில் பலருக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு டிரஸ்ட் இருக்கும். அப்புச்சி பெயரில் இருக்கும், அல்லது படித்த பள்ளியின் பழைய மாணவர்கள் சேர்ந்து தொடங்கியதாக இருக்கும். இந்தக் குறிப்பு முக்கியமாக அவர்களுக்கு. வெளிநாட்டு வகுப்புத் தோழர்களிடம் வசூலித்த பணத்தால் நண்பர் ஒருவரின் டிரஸ்ட் வகையாக மாட்டிக்கொண்ட பிறகு எழுதப்படுவதால் கொஞ்சம் காட்டமாகத்தான் இருக்கும்.

வந்து சேர்வதற்குச் செய்ய வேண்டியவற்றை எந்த ஏஜென்டும் சொல்லிவிடுவார். அமெரிக்கா என்றால் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 சேர்க்கைப் படிவம், மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், எஃப்-1 மாணவர் விசா நேர்காணல். பிரிட்டன் என்றால் சேர்க்கையை உறுதிசெய்யும் காஸ் எண், ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம். அவர் சொல்லாமல் விடுவது வேறு. தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தால் கல்விக்கடன் தள்ளுபடி என்று விளம்பரத்தில் இருக்கும். 120 தவணை கட்டியபின் மீதியைத் தள்ளும் அந்த அமெரிக்கத் திட்டம் அந்நாட்டு அரசுக் கடனுக்கு மட்டும். தோட்டத்துப் பத்திரத்தை வைத்து ஊர் வங்கியில் வாங்கிய கடனுக்கு அது கிடையாது. சில பல்கலைக்கழகங்கள் கடனை அடைக்கத் தங்கள் சொந்தப் பணத்தில் உதவி தருகின்றன. இந்திய வங்கிக் கடனுக்கும் அது பொருந்துமா என்று சேரும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அதேபோல், தொண்டு நிறுவனம் என்றாலே அமெரிக்க வேலை விசாவான ஹெச்-1பி-க்குக் குலுக்கல் இல்லை என்பதும் தப்பு. பல்கலைக்கழகங்கள், அவற்றோடு இணைந்த அமைப்புகள், லாப நோக்கமற்ற ஆராய்ச்சி நிறுவனங்கள் போன்றவற்றுக்குத்தான் விலக்கு. பசியாற்றும் அமைப்புக்கோ பெண்கள் விடுதிக்கோ பொதுவாக அது கிடைக்காது. பிரிட்டன் மாணவர் விசாவில் சொந்தத் தொழில் செய்யக் கூடாது. வகுப்புப் பாடமாகத் திட்டம் எழுதலாம், அதை நிறுவனமாக்கி நடத்தக் கூடாது.

பாடம் நன்றாகவே இருக்கும். ஹார்வர்டில் சமூகத் தொழில்முனைவுப் பிரிவு 1993-இல் தொடங்கியது, ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்கோல் மையம் 2003-இல் வந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி ஹார்வர்ட் எழுதிய பாடம் இன்றும் பல நாடுகளில் நடத்தப்படுகிறது. கோவை முருகானந்தத்தின் நாப்கின் இயந்திரமும் பேச்சில் வரும். பி.எஸ்.ஜி. குடும்பம் சொத்தைப் பங்கு பிரிக்கும்போது தர்மத்துக்கும் ஒரு பங்கு வைத்து 1926-இல் அறக்கட்டளை தொடங்கியதை அப்போது நீங்களும் சொல்வீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். கூடவே நம்ம ஊர் டிரஸ்ட்டைப் பற்றியும் நாலு வார்த்தை வரும். வகுப்பு உருகிப்போய் “நாங்களும் தருகிறோம்” என்று கிளம்பும். சிக்கல் ஆரம்பிப்பது அங்கேதான்.

அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களுக்கான 501(சி)(3) வரிவிலக்கு, அவை ஆண்டுதோறும் தரும் படிவம் 990, நிர்வாகக் குழுவின் பொறுப்பு எல்லாவற்றையும் பேராசிரியர் பிரித்து மேய்வார். இந்தியாவின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எஃப்.சி.ஆர்.ஏ. 2010, பெரும்பாலும் அவர் பாடத்தில் இருக்காது. அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத டிரஸ்ட் வெளிநாட்டவரிடம் பத்து டாலர் நன்கொடைகூட வாங்கக் கூடாது.

வழக்கமாக நடப்பது இதுதான். மாணவர் இணையத்தில் வசூல் பக்கம் திறக்கிறார். வகுப்புத் தோழர்கள் தருகிறார்கள். பணம் மாணவரின் கணக்குக்கு வந்து, அங்கிருந்து வெளிநாடுவாழ் இந்தியருக்கான அவருடைய என்.ஆர்.இ. வங்கிக் கணக்குக்குப் போய், கடைசியில் பெருந்துறையிலோ கோபியிலோ இருக்கும் டிரஸ்ட்டின் சாதாரணக் கணக்கில் விழுகிறது. எல்லாம் வங்கி வழியாகப் போயிருக்கிறது, அனுப்பியவர் இந்தியர், ரசீதும் இருக்கிறது. அப்புறம் என்ன தப்பு என்று தோன்றும். பணம் யார் கைமாறி வந்தாலும், தொடக்கத்தில் வெளிநாட்டவருடையது என்றால் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான் என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது. தண்டனை ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாங்கியவருக்கு மட்டுமில்லை, வாங்க உதவியவருக்கும் அதே பிரிவுதான். டிரஸ்ட்டில் கையெழுத்துப் போட்டிருப்பது அநேகமாக உங்கள் அப்பாவாகவோ பெரியப்பாவாகவோ இருக்கும்.

கும்பாபிஷேகத்துக்கு வாங்கிய வரியைத் தேர்ச் செலவுக்கு எடுத்தால் ஊர்க்கூட்டத்தில் கேள்வி வருமில்லையா? நோக்கம் குறித்துத் தந்த பணத்தைப் பிரித்து வைக்க வேண்டும் என்று இங்கே ஒரு பருவம் முழுக்கச் சொல்லித்தருவதும் அதைத்தான். எஃப்.சி.ஆர்.ஏ. கேட்பது இன்னும் ஒரு படி மேலே: பணம் யாருடையது என்பதையும் பிரிக்க வேண்டும். ஒரே வசூலில் இந்தியர் பணமும் வெளிநாட்டவர் பணமும் கலந்துவிட்டால், பிறகு ஆடிட்டர் உட்கார்ந்து எதை எப்படிப் பிரிப்பார்?

இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. இதைச் சரியாகப் பயன்படுத்தலாம். ஒவ்வொருவரும் தம் கணக்கிலிருந்து தனித்தனியாக, நேராக டிரஸ்ட் கணக்குக்கு அனுப்பட்டும். டிரஸ்ட் அவரவர் இந்தியப் பாஸ்போர்ட் நகலை வாங்கி ரசீதோடு கோத்து வைக்கட்டும். கிரீன் கார்டு இருந்தாலும் பாஸ்போர்ட் இந்தியாவினுடையது என்றால் பிரச்சினையில்லை. குடியுரிமை மாறி, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்கிய மாமா தந்தால், அவர் பொங்கலுக்கு வருடம் தவறாமல் காங்கயம் வந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்.

டிரஸ்ட் வேண்டாம், பிரைவேட் லிமிடெட் ஆரம்பித்து நன்கொடை வாங்கிக்கொள்ளலாம் என்று சீனியர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். சட்டத்தில் கம்பெனியும் அடக்கம். பங்கு கொடுத்து முதலீடாக வாங்குவது வேறு கணக்கு: அது அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் கீழ் வரும். பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய 30 நாளுக்குள் அதைத் தெரிவிக்கும் எஃப்.சி.-ஜி.பி.ஆர். படிவம் போட வேண்டும். வெளிநாட்டுப் போட்டியில் ஜெயித்த பரிசுப் பணத்தை டிரஸ்ட் கணக்குக்குத் திருப்பிவிடுவதும் ஆபத்துதான்.

பொருள் விற்பது நல்ல வழி. பவானி ஜமுக்காளமோ ஈரோட்டு மஞ்சளோ இன்வாய்ஸ் போட்டு ஏற்றுமதி செய்து, பொருளுக்கு உண்டான விலை வாங்கினால் அது வியாபார வரவு. அதற்கு ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி-இறக்குமதி எண் வேண்டும். ஆயிரம் ரூபாய் ஜமுக்காளத்தை ஆயிரம் டாலருக்கு விற்று மிச்சத்தை நன்கொடை என்று நினைத்துக்கொள்வது வியாபாரம் ஆகாது.

முறையாக எஃப்.சி.ஆர்.ஏ. பதிவே வேண்டும் என்றால் டிரஸ்ட் தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டில் நிர்வாகச் செலவு போக, நோக்கத்துக்காக மட்டும் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். நம்மூர் டிரஸ்ட்டுகள் அன்னதானத்தையும் நோட்டுப் புத்தகத்தையும் ரொக்கமாக வாங்கிக் கொடுத்து, மஞ்சள் பையில் பில்லைப் போட்டு வைத்திருக்கும். தணிக்கை செய்த கணக்கில் வராத செலவு இதில் சேராது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் விழ வேண்டிய இடம் எஸ்.பி.ஐ. புதுடெல்லி மெயின் கிளை ஒன்றுதான். கணக்குத் திறக்க டெல்லிக்குப் போக வேண்டியதில்லை, ஊர் எஸ்.பி.ஐ. கிளை வழியாகவே செய்யலாம். செலவுக்கு உள்ளூரில் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவு ஐந்து ஆண்டுக்குத்தான். ஒரு பைசா வராத வருடத்துக்கும் டிசம்பர் 31-க்குள் எஃப்.சி.-4 என்ற ஆண்டுக் கணக்குப் படிவம் போட வேண்டும்.

இதற்கெல்லாம் பொறுமை இல்லாத வகுப்புத் தோழர்களை, ஏற்கெனவே பதிவுள்ள மருத்துவமனைக்கோ கல்வி அமைப்புக்கோ நேராகத் தரச் சொல்லுங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா என்று உள்துறை அமைச்சகத்தின் எஃப்.சி.ஆர்.ஏ. தளத்தில் பார்த்துவிடலாம். அந்த அமைப்பு வாங்கி உங்கள் டிரஸ்ட்டுக்குக் கைமாற்றித் தர முடியாது, 2020-லிருந்து அதற்கும் தடை. தோழர்களிடம் இந்திய வரிச்சலுகை ரசீதைக் காட்டி ஆசை காட்டாதீர்கள், அவர்கள் நாட்டு வரியில் அதற்கு மதிப்பில்லை. பணம் வேண்டாம், பழைய லேப்டாப்களை ஊர்ப் பள்ளிக்கு அனுப்புகிறோம் என்றாலும் டிரஸ்ட் பெயரில் வாங்காதீர்கள். சட்டத்தில் பொருளும் பங்களிப்புதான்.